இன்னும் ஒரு ஆறு மாசம்

அசையக்கூடாது என்று சொன்ன மறுநொடியே மூக்கு அரிக்கத் தொடங்கிவிட்டது. இடது பக்கம், மூக்குத்தி இருந்த இடம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அங்கே கிடந்ததைக் காலையில் லாட்ஜ் அறையில் சோப்பு நுரை போட்டுத் திருகிக் கழற்றியவர் என் வீட்டுக்காரர். வலித்தது, கத்தினேன், என்ன மாட்டுக்கு லாடமா அடிக்கிறீங்க என்றுகூடக் கேட்டேன். அவர் பாட்டுக்கு ஊதி ஊதிக் கழற்றினார். அதை நினைக்கக்கூடாது, நினைத்தால் இன்னும் அரிக்கும். முகத்துக்கு மேலே நாலு விரல் தள்ளி வெள்ளைப் பிளாஸ்டிக்கில் ஒரு கூண்டு. கன்னம் இரண்டிலும் பஞ்சுப் பொதியைத் திணித்திருக்கிறார்கள், தலையை ஆட்ட நினைத்தாலும் ஆட்ட முடியாது. கூண்டில் ஒரு சின்னக் கண்ணாடி சாய்த்து வைத்திருக்கிறது, அதில் என்னை உள்ளே தள்ளியிருக்கிற ஸ்கேன் குழாயின் வாயும், அதற்கு வெளியே என் கால்விரல்களும் தெரிகின்றன. மெட்டி இல்லாத விரல்கள் யாருடையவோ போலிருக்கின்றன. வலது கையில் ஒரு ரப்பர் பந்து. "முடியலைன்னா அமுக்குங்கக்கா, உடனே வெளிய எடுத்துருவோம், ஆனா எடுத்துட்டா மறுபடி மொதல்லருந்து ஆரம்பிக்கணும், பாத்துக்கங்க" என்று அந்த ஸ்கேன் எடுக்கிற பெண் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள். நாற்பது நிமிஷமாம். சத்தம் ஆரம்பித்துவிட்டது. காதில் பஞ்சை அடைத்தும் மண்டைக்குள்ளேயே இரும்பை வைத்துத் தட்டுகிறது. ரயில் சத்தம் மாதிரி இருக்கும், உங்களுக்குப் பழக்கம்தானே என்று போன தடவை ஒரு நர்ஸ் சொன்னாள். இருபது வருஷமாக ஜங்ஷனில் ரயில் வருவதையும் போவதையும் மைக்கில் சொல்கிறவள் சொல்கிறேன், இது ரயில் சத்தம் மாதிரியே இல்லை. ரயில் சத்தம் என்றால் ஒன்று வரும், இல்லை போகும். இது நின்ற இடத்திலேயே தட்டிக்கொண்டிருக்கிறது.

அந்த மைக்கில்தான் எல்லாம் ஆரம்பித்தது. மூன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆடி மாதச் சாயங்காலம், பயணிகளின் கனிவான கவனத்திற்கு என்று தொடங்கினேன், அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. எதிரே தாளில் வண்டியின் பெயர் இருக்கிறது, திருச்செந்தூர் என்று எழுத்துக் கூட்டிப் படிக்கவும் முடிகிறது, ஆனால் வாய்க்கு அது போய்ச் சேரவில்லை. மைக் திறந்தே கிடந்தது. ஐந்து பிளாட்பாரமும் என் மூச்சைக் கேட்டுக்கொண்டு நின்றன. பிறகு வலது கை வெட்டி வெட்டி இழுத்தது என்றும், நாற்காலியோடு சாய்ந்தேன் என்றும் சொன்னார்கள், எனக்கு நினைவில்லை. நினைவிருப்பது டாக்டர் செல்வமனோகர் பேனாவால் தாளில் போட்ட படம். பெரிய குழாயிலிருந்து ரத்தம் சின்னச் சின்னக் குழாயாகப் பிரிந்து போய்ப் பிறகு திரும்பும் குழாயில் சேர வேண்டுமாம். எனக்கு இடது பக்கம், பேச்சு இருக்கிற இடத்துக்கு ஒட்டினாற்போல, பிறவியிலேயே நடுவில் சின்னக் குழாய்கள் உருவாகவில்லை. வருகிற குழாயும் போகிற குழாயும் நேராகப் பிணைந்து ஒரு முடிச்சு. வேகமாக வருகிற ரத்தம் தாங்காத குழாயில் மோதுகிறது, என்றைக்காவது வெடிக்கலாம். வெடித்தால் பேச்சு போகும், இல்லை ஆளே போகலாம். திறந்து எடுத்தாலும் பேச்சு போய்விடும் என்பதால் வெளியிலிருந்தே கதிர் வைப்போம், ரேடியேஷன் என்றார். நெற்றியில் இரண்டும் பின்மண்டையில் இரண்டுமாக நாலு இடத்தில் மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு இரும்பு வளையத்தைத் திருகி மாட்டி, ஒரு பகல் முழுக்க வைத்திருந்து, மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கத்தி இல்லை, தையல் இல்லை. முடிந்தது என்று நினைத்தேன். "முடியலம்மா, இனிமேதான் ஆரம்பம்" என்றார் டாக்டர். "முடிச்சு உடனே மூடாது. ரெண்டு மூணு வருஷத்துல கொஞ்சம் கொஞ்சமா மூடும். நூறு பேருக்கு வச்சா எழுபது, எழுபத்தஞ்சு பேருக்கு முழுசா மூடிரும். மூடுற வரைக்கும் வெடிக்கிற பயம் இருக்கத்தான் செய்யும். பிரஷர் ஏறாம பாத்துக்கங்க." நூறில் எழுபத்தைந்து. பரீட்சை என்றால் நல்ல மார்க்குதான். அந்த மிச்ச இருபத்தைந்து பேர் யார், அவர்களும் இப்படி எங்காவது கால்விரலைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார்களா, அவர்களுக்கு யார் சொன்னார்கள், எப்படிச் சொன்னார்கள் என்று மூன்று வருஷமாக யோசிக்கிறேன்.

எச்சில் விழுங்கலாமா என்று கேட்காமல் விட்டுவிட்டேன். விழுங்கினால் தொண்டை அசையும், தொண்டை அசைந்தால் தலை அசையும், படம் கலைந்து மொதல்லருந்து. வாயில் எச்சில் நிறைந்துகொண்டே வருகிறது. தட்டல் நின்றது. அந்த இடைவெளியில் அவசரமாக விழுங்கிக்கொண்டேன், திருடிச் சாப்பிட்டவள் மாதிரி. மறுபடி தட்டல், இந்தத் தடவை வேறு தாளத்தில். போன வருஷம் இதே அறை, இதே கூண்டு. எடுத்து முடித்து நான் புடவை மாற்றிக்கொண்டிருந்தபோது, "அட்டெண்டர் மட்டும் உள்ள வாங்க" என்று கூப்பிட்டார்கள். யாருக்கு முடிச்சோ அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு, கூட வந்தவரைக் கூப்பிட்டுச் சொல்வதுதான் இங்கே வழக்கம். எந்த ஆஸ்பத்திரியில்தான் இல்லை, எங்கள் அப்பாவுக்குப் புற்று என்று அப்பாவைத் தவிரத் தெருவுக்கே தெரிந்திருந்தது. என் வீட்டுக்காரர் பேர் ஆவுடையப்பன், பாத்திரக்கடை வைத்திருக்கிறார், விலை பேசிப் பேசியே குரல் தடித்துப்போன மனிதர். பத்து நிமிஷம் கழித்து வெளியே வந்தார். நேராக என்னிடம் வரவில்லை. தண்ணீர் வைத்திருந்த மூலைக்குப் போய் இரண்டு டம்ளர் குடித்தார். பிறகு வந்து, "நல்லா சுருங்கியிருக்குன்னாவ. இன்னும் ஒரு ஆறு மாசம் பாக்கணுமாம்" என்றார். ஆறு மாசம் கழித்து ஃபைலை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்வந்தார். "இப்ப ஸ்கேன் வேண்டாம்னாவ. இன்னும் ஒரு ஆறு மாசம் கழிச்சு ஒரேயடியா எடுத்துக்கிடலாமாம்" என்றார். அந்த இரண்டு டம்ளர் தண்ணீரைத்தான் நான் ஒரு வருஷமாகக் குடித்துக்கொண்டிருக்கிறேன். தாகம் எடுக்கிற ஆளே இல்லை அவர்.

அதற்குப் பிறகு என்னோடு சண்டை போடுவதை நிறுத்திவிட்டார். இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள், உனக்கு என்னடி குறை என்பார்கள். சாம்பாரில் உப்பு ஒரு கல் கூடினால் தட்டைத் தள்ளி வைக்கிறவர், நான் மறந்து இரண்டு தடவை உப்புப் போட்ட குழம்பைத் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டு முடித்தார். வேண்டுமென்றேதான் மறுநாளும் போட்டேன். அதையும் சாப்பிட்டார். அவர் தங்கச்சியைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசிப் பார்த்தேன், டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டார். மகள் தர்ஷினி பன்னிரண்டாம் வகுப்பு, அவளும் அப்பாவோடு சேர்ந்துகொண்டாள். "எம்மா, நீ டென்ஷன் ஆகாத" என்பதுதான் அந்த வீட்டில் எனக்கு விழுகிற வார்த்தை. குடம் தூக்கவிட மாட்டார்கள், குற்றாலத்துக்குக் கூட்டிப்போக மாட்டார்கள், துணி உலர்த்தக் கையை உயர்த்தினால் ஓடி வருவார்கள். நான் பேசப் பேச அவர்கள் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார்கள். கண்ணாடிப் பாத்திரத்தை நடுக்கூடத்தில் வைத்துவிட்டு எல்லோரும் சுவரோரமாக நடக்கிற வீடு. எனக்கு மூச்சு முட்டியது. இந்தக் குழாய்கூடப் பரவாயில்லை, இது நாற்பது நிமிஷம்தான். சண்டை போடாத புருஷனை வைத்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளை என்ன நினைப்பாள், சாகப்போகிறவளிடம்தான் இப்படி நடந்துகொள்வார்கள் என்று நினைக்க மாட்டாளா?

இன்னும் ஒரு ஆறு மாசம் என்ற சொல்லை எனக்குத் தெரியும். வேறு யாரை வேண்டுமானாலும் ஏமாற்றலாம், என்னை முடியாது, அது என் தொழில். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பிச்சையா சார்தான் சொல்லிக்கொடுத்தார், எனக்கு முன்னால் அந்த மைக்கில் இருந்தவர். "மூணு மணி நேரம் லேட்டுன்னு தகவல் வந்தா மொத்தமாச் சொல்லிராதீங்கம்மா. ஜனம் கவுண்டருக்கு வந்து நம்மள உரிச்சிரும். மொதல்ல இருபது நிமிசம்னு சொல்லுங்க. இருபது நிமிசம்தானன்னு உக்காந்துருவாவ. அப்புறம் நாப்பது. அப்புறம் ஒரு மணி. பழகிரும்." பழகத்தான் செய்தது, அவர்களுக்கும் எனக்கும். ஒரு நாள் அப்படித்தான் மதுரைப் பக்கம் போகிற வண்டியை இருபது, நாற்பது, ஒரு மணி என்று மூன்று மணி நேரத்துக்கு இழுத்தேன். வண்டி வருவதற்குச் சற்று முன்னால் ஒரு மனிதர் என் அறைக் கதவருகே வந்து நின்றார். வேட்டி, கையில் ஒரு துணிப்பை. சத்தம் போடவில்லை. "எம்மா, மூணு மணி நேரம்னு மொதல்லயே ஒங்களுக்குத் தெரியுமா?" என்றார். நான் தாளைப் பார்த்தேன். "தெரிஞ்சிருந்தா நான் பஸ்ஸுல போயிருப்பேன். எங்க அம்மை கெடையில கெடந்தா. இப்பத்தான் போன் வந்துச்சு" என்று சொல்லிவிட்டு, என் பதிலுக்கு நிற்காமல் திரும்பிப் போனார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து, வராத அந்த வண்டிக்கே மறுபடி காத்திருந்தார். அதன் பிறகும் நான் மொத்தமாகச் சொல்லவில்லை. இப்போது கம்ப்யூட்டரே பேசுகிறது, நான் நிமிஷத்தைத் தட்டினால் போதும். இருபது என்றுதான் தட்டுகிறேன். அவர் முகம் மட்டும் ஒரு வருஷமாக அடிக்கடி வருகிறது, குறிப்பாக என் வீட்டுக்காரர் ஆறு மாசம் என்று சொல்லும்போது. நானும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். பஸ் எங்கே நிற்கிறது என்றுகூட யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

"அக்கா, நல்லா ஒத்துழைக்கிறீங்க. இப்ப மருந்து ஏத்தப்போறோம், கை ஜில்லுனு இருக்கும், பயப்படாதீங்க." குரல் எங்கிருந்தோ வருகிறது. என்னைப் போலவே மைக்கில் பேசுகிற ஒருத்தி. இடது கை நரம்பில் ஐஸ் தண்ணீர் ஏறுகிறது, முழங்கை, தோள், கழுத்து. இந்த மருந்து இப்போது அந்த முடிச்சுக்குள் போகும், எந்தக் குழாய் திறந்திருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும். கழுத்துக்கு மேலே சட்டென்று ஒரு சூடு. இடது காதுக்குப் பின்னால். வெடித்துவிட்டதோ? இப்படித்தான் இருக்குமோ, முதலில் சூடாக, பிறகு திருச்செந்தூர் என்ற சொல் வராமல் போகுமோ? திருச்செந்தூர். திருச்செந்தூர். மனசுக்குள் வருகிறது, வாயில் வருமா என்று சொல்லிப் பார்க்க முடியாது, உதடு அசையக்கூடாது. தர்ஷினி. ஆவுடையப்பன். பாத்திரக்கடை. தென்காசி. செங்கோட்டை. என் பெயர் என்ன, என் பெயர், வந்துவிடு, சண்முகவடிவு, அப்பாடா. பந்தின் மேல் விரல்கள் இறுகிவிட்டன. அமுக்கினால் இழுத்துவிடுவார்கள், வெளியே காற்று இருக்கும், அவர் நிற்பார், மூக்கைச் சொறிந்துகொள்ளலாம். பிறகு மறுபடி மொதல்லருந்து. அமுக்கவில்லை. பயமாக இருக்கிறது, அவ்வளவுதான், பயத்துக்குத்தான் சூடாக இருக்கிறது. எனக்குச் சாகப் பயம். பேச்சில்லாமல் இருக்க அதைவிடப் பயம். இதைச் சொன்னால் டென்ஷன் ஆகாத என்பார்கள், ஆகையால் மூன்று வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை.

நியாயமாகப் பேசினால் அவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. போன மாதம் பீரோச் சாவியை மறந்து வைத்துவிட்டுக் கடைக்குப் போனார். ஃபைல் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும், என் பட்டுப் புடவைகளுக்கு அடியில், மஞ்சப்பையில். எடுத்தேன். ரிப்போர்ட் ஆங்கிலத்தில் இருந்தது, படிக்க முடியாதென்று இல்லை, ஆங்கிலத்திலும் அறிவிப்புச் சொன்னவள்தானே. முதல் வரியைப் படித்தேன், என் பெயர், வயது. இரண்டாவது வரியில் நிறுத்திவிட்டேன். மூடி, பையில் போட்டு, புடவைகளைப் பழையபடி அடுக்கி, சாவியை அவர் வைத்த கோணத்திலேயே வைத்தேன். சாயங்காலம் அவர் வந்து சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். படிச்சியா என்று அவர் கேட்டிருந்தால் அன்றைக்கே சண்டை வந்திருக்கும், எல்லாம் வெளியே வந்திருக்கும். கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவர் இருபது நிமிஷம் என்று சொல்ல, நான் உட்கார்ந்துகொண்டேன். இன்றைக்கு அது நடக்காது. இன்றைக்கு நானே டாக்டரிடம் கேட்பேன், என் தலை, என் முடிச்சு, எனக்கு மொத்தமாகச் சொல்லுங்கள் என்பேன். கேட்டுவிட்டு வெளியே போய் அவரைப் பிடித்துக்கொள்வேன். என்னைப் பிணம் மாதிரி ஒரு வருஷம் வைத்திருந்தீங்களே, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் என்ன, நான் என்ன பச்சப்பிள்ளையா என்று ஆஸ்பத்திரி வராண்டா அதிரக் கேட்பேன். அந்த வாக்கியங்களை ஒவ்வொன்றாகக் கோத்து வைத்துக்கொண்டேன். தட்டல் வேகமாகிறது, வேகமாகிறது, சட்டென்று நின்றது. படுக்கை நழுவியது. கண்ணாடியில் கால்விரல்கள் போய், கூரையும் விளக்கும் வந்தன. கூண்டை எடுத்த கையோடு முதல் வேலையாக மூக்கைச் சொறிந்தேன். அந்தச் சுகத்தை என்னவென்று சொல்ல.

"எழுந்து மெதுவா உக்காருங்கக்கா. வெளிய நிக்கிற உங்க சாரைக் கூப்பிடுறேன், டாக்டரே வந்திருக்காரு, அவருகிட்ட பேசட்டும்" என்றாள் அந்தப் பெண். கண்ணாடிச் சுவருக்கு அந்தப்பக்கம் டாக்டர் செல்வமனோகர் திரையைப் பார்த்தபடி நின்றிருந்தார். "சார் வேண்டாம். நான் பேசுறேன்" என்றேன். கால் தரையில் பட்டதும் ஜில்லென்றது, செருப்புகூடப் போடாமல் அந்த அறைக்குள் போனேன். அவர் திரும்பி, "என்னம்மா, கூட யாரும் வரலையா?" என்றார். "வந்திருக்காவ. முடிச்சு எனக்குத்தான டாக்டர்? எனக்குச் சொல்லுங்க. கொஞ்சம் கொஞ்சமாச் சொல்லாதீங்க, மொத்தமாச் சொல்லுங்க" என்றேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, திரையை என் பக்கம் திருப்பினார். கறுப்பும் சாம்பலுமாக என் மூளை, அதில் விரல்நகம் அளவுக்கு ஒரு சுருள். "பாதிக்கு மேல மூடியிருக்கும்மா. ஆனா இந்தப் பகுதி மூடல. போன வருஷத்துக்கும் இப்பவுக்கும் இதுல மாற்றமே இல்ல. இனி தானா மூடும்னு எனக்குத் தோணல. அடுத்த மாசம் மூளைக்கு ஒரு ஆஞ்சியோ பாத்துட்டு இன்னொரு தடவ கதிர் வைக்கணும். அதுக்கப்புறம் மறுபடி மூணு வருஷம் காத்திருக்கணும். அதுவரைக்கும் வெடிக்கிற பயம் இருக்கு. ரெண்டாவது தடவ வைக்கிறவங்கள்ல பாதிக்கு மேல பேருக்கு மூடிருது. உங்களுக்கு மூடும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது." அவ்வளவுதான். மூன்று மணி நேரத் தாமதம் ஒரே மூச்சில் வந்துவிட்டது. தலை சுற்றும் என்று நினைத்தேன், சுற்றவில்லை. "டாக்டர், நான் சண்டை போடலாமா?" என்றேன். "யார்கூட?" "வீட்டுக்காரர்கூட." அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தாராளமாப் போடுங்க. பிரஷர் மாத்திரைய ஒழுங்காப் போட்டுட்டுப் போடுங்க. சண்டை போடக்கூடாதுன்னு நான் யாருக்கும் சொன்னதில்லையே" என்றார்.

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன், கோத்து வைத்த வாக்கியங்கள் எல்லாம் நாக்கு நுனியில் நின்றன. வராண்டாவில் அத்தனை நாற்காலி காலியாக இருந்தும் அவர் உட்காரவில்லை, சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். வலது கையில் அந்தக் கைக்குட்டை. காலையில் என் தாலிச் சங்கிலி, தோடு, மூக்குத்தி, மெட்டி எல்லாவற்றையும் அதில்தான் முடிந்து வாங்கிக்கொண்டார். வெறுங்கழுத்தோடு உள்ளே போகக்கூடாதென்று என் கழுத்தில் கட்டிய மஞ்சள் கயிறுகூட அவர் முந்தின நாளே வாங்கி வைத்திருந்ததுதான். நாற்பது நிமிஷமும் அதை அப்படியே பிடித்திருந்திருப்பார் போலிருக்கிறது, விரல் கணுக்கள் வெளுத்து, கைக்குட்டை வேர்வையில் நனைந்திருந்தது. என்னைக் கண்டதும் கையை நீட்டினார், விரல்கள் பிரியவில்லை, இடது கையால்தான் பிரித்தார். உள்ளங்கையில் தாலியின் அச்சு பதிந்து சிவந்திருந்தது. "உன்னையவா கூப்புட்டாவ? என்னையல்லா கூப்புடுவாவ. என்னட்டி சொன்னாவ?" என்றார். பெரிய குரல்காரர், அந்தக் கேள்வி எனக்கே சரியாகக் கேட்கவில்லை. நான் அந்தச் சிவந்த தடத்தையே பார்த்தேன். ஓரத்தில் தண்ணீர்க் கேன் இருந்தது. போய் ஒரு டம்ளர் குடித்தேன். இன்னொரு டம்ளரும் குடித்தேன். திரும்பி வந்து, "நல்லா சுருங்கியிருக்குன்னாவ. இன்னும் ஒரு ஆறு மாசம் பாக்கணுமாம்" என்றேன்.

அவர் மூக்குத்தியை எடுத்துத் தன் சட்டையில் துடைத்தார். என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, ஓட்டையைத் தேடினார். இரண்டு தடவை தவறியது.

"ஏட்டி," என்றார், "அது போன வருசம் நான் சொன்னதுல்லா."